சோழபுரத்து மதில் கல்

ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையத்தைச் சென்னைக்காரர்கள் பலர் சதுரங்கத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சோவியத் மையமாக இருந்தபோது அதன் தால் சதுரங்கக் கழகத்தில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகினார். ரஷ்யா என்றால் நமக்குப் பனி, சதுரங்கம், தடித்தடியான நாவல்கள். அந்த நாட்டின் தலைநகரம் ஒன்று கல்லுக்காக அலைந்த கதை இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1703-ல், ஸ்வீடன்காரர்களிடமிருந்து பறித்த நேவா ஆற்றுச் சதுப்பில் ஜார் பீட்டர் ஒரு கோட்டையைத் தொடங்கினார். 1712-ல் தலைநகரம் மாஸ்கோவிலிருந்து அங்கே எழுந்த பீட்டர்ஸ்பர்க்குக்கு மாறியது. சேற்றுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை, கல்தான் இல்லை. 1714-ல் பீட்டர் ஓர் ஆணை போட்டார்: பீட்டர்ஸ்பர்க்கைத் தவிர நாட்டில் வேறெங்கும் கல் கட்டடம் எழும்பக் கூடாது. பிழைப்புத் தேடிக் கொத்தனார்கள் எல்லாரும் நேவாக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊருக்குள் வரும் வண்டிகளும் கப்பல்களும் சுங்கமாகக் கல்லைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்றும் உத்தரவு. வண்டி ஒன்றுக்கு மூன்று கல். ஆண்டுதோறும் பல்லாயிரம் குடியானவர்களைப் பிடித்து வந்து சேற்றில் இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஊர் திரும்பாதவர்கள் ஏராளம்.

ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே காரியத்தைக் கொள்ளிடத்துக்கு வடக்கே ஒருவர் செய்து முடித்திருந்தார். தகப்பனார் கட்டிய பெரிய கோயில் தஞ்சையில் புத்தம் புதிதாக நிற்கும்போதே, முதலாம் இராசேந்திரன் அந்த ஊரை விட்டு வெளியே வந்து 1025-ஐ ஒட்டிக் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினார். கொழித்த வயல், ஓடும் வாய்க்கால், பழகிய நகரம் எல்லாம் இருக்க, வறண்ட மேட்டு நிலத்துக்கு ஏன் போனார்? வடக்கே சாளுக்கியரோடு ஓயாத சண்டை. கொள்ளிடம் பெருகினால் படை கடக்க நாள் கணக்கில் ஆகும். இதெல்லாம் காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ, அப்பா கட்டிய ஊரில் எந்த மகனும் விருந்தாளிதான் என்பதும் அதில் சேர்த்தி என்று தோன்றுகிறது. கோயிலை மட்டும் தஞ்சைக் கோபுரத்தைவிடச் சில பத்து அடி குறைத்தே கட்டினார். அதை அடக்கம் என்பவர்களும் உண்டு.

புது ஊருக்கு வெளியூர்ப் பொருள்கள் வந்து குவிந்தன. தோற்ற மன்னர்களின் தலையில் ஏற்றிக் கங்கை நீரைக் கொண்டுவந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த நீரின் பெயரால் வெட்டிய சோழகங்கம் ஏரியைத்தான் இன்று பொன்னேரி என்கிறார்கள். அதன் கரை பதினாறு மைல் நீளம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. கலிங்கத்திலிருந்து வந்த செந்நிறக் கல் காளியும் பைரவரும் பக்கத்துச் செங்கமேட்டில் இருக்கிறார்கள். கோயிலுக்குள் தாமரைப் பீடத்தோடு இருக்கும் ஒற்றைக் கல் நவக்கிரகம் சாளுக்கிய நாட்டு வரவு என்பார்கள். இவையெல்லாம் வெற்றிச் சின்னங்கள், புகைப்படத்தில் ஏறிவிட்டவை. இவற்றோடு வந்த, பெயரும் முகமும் இல்லாத மதில் கல் ஒன்றைத்தான் நான் பின்தொடர்கிறேன்.

அதுவும் வெளியூர்தான். சோழபுரத்தை அடுத்த ஜெயங்கொண்டம் பக்கம் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. கருங்கல் அங்கே விளையாது. தொலைவில் எங்கோ பாறையில் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, பிளந்து எடுத்து, மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும் கொண்டுவந்த கல் அது. உளி போட்டு முகம் திருத்தி, கோயிலைச் சுற்றி எழுந்த மதிலில் மற்றக் கற்களோடு அடுக்கினார்கள். அதன் மேல் கல்வெட்டு ஏதும் இல்லை. அடுத்த இரண்டரை நூற்றாண்டு ஊர்வலமும் முற்றுகைப் பயமும் அந்த மதிலைக் கடந்து போயின. பதிமூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. 1279-ஐ ஒட்டி மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் கதை முடிந்தது. அரண்மனையின் மரமும் ஓடும் மண்ணாயின. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் புதைந்த செங்கலை ஊர்க்காரர்கள் வேண்டியபோதெல்லாம் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். தொல்லியல் துறை பிற்பாடு அங்கே கண்டெடுத்ததில் மிச்சச் செங்கல் சுவர்களோடு கூரை ஓடும் இரும்பு ஆணியும் சீனப் பீங்கான் ஓடும் உண்டு. கோயிலும் மதிலும் மட்டும் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகளில் சிப்பாய்கள் அந்த மதிலைக் கோட்டையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பிறகு வந்தார் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். கொள்ளிடம் பள்ளமாகிக் காவிரி நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனதால் தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதற்கு மருந்தாக 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். மேலே மறித்தால் கீழே கொள்ளிடத்தை நம்பியிருந்த சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பாசனம் என்ன ஆகும்? அதற்குத்தான் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கீழே, அணைக்கரையில், இன்னோர் அணை. நம் ஆள்கள் கீழணை என்றே சொல்வார்கள். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். கற்றதோடு நிற்கவில்லை. கீழணைக்குக் கல் வேண்டும், ஆற்றங்கரையில் கல் இல்லை, பத்துக் கிலோமீட்டர் வடக்கே ஒரு கோயில் மதில் நிற்கிறது. அளவாக வெட்டி, திருத்தி, அடுக்கி வைத்த கல்.

மதிலைப் பெயர்த்தார்கள். சிற்பம் இருந்த கற்களும் அதில் போயின. ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், முடியவில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்குக் கொடுத்ததையும், இருபது ஆண்டு கழித்தும் அது நிறைவேறாததையும் 1855-ல் வெளியான ஒரு கட்டுரை கோபத்தோடு பதிவு செய்திருக்கிறது. இதில் காட்டனுக்குச் சப்பைக்கட்டு கட்ட எனக்கு மனமில்லை. டெல்டாவில் அவருக்குச் சிலையும் நன்றியும் உண்டு, அது நியாயம்தான். அந்த நன்றி விவசாயி சொல்வது. மதிலுக்கு முன்னால் நின்று தண்டனை வாங்கியவனின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

பீட்டர்ஸ்பர்க் கல்லின் கதி வேறு. பீட்டரின் குதிரைச் சிலைக்குப் பீடமாக, பின்லாந்து வளைகுடாவை ஒட்டிய லக்தாவிலிருந்து சுமார் 1,500 டன் பாறை ஒன்றைப் பேரரசி இரண்டாம் காதரின் ஆட்கள் கொண்டுவந்தார்கள். 1769 குளிர்காலத்தில் தரை உறைந்ததும், உலோகக் குண்டுகள் உருளும் தடத்தின் மேல் ஏற்றி, நானூறு பேர் இழுத்த பாறை. அது போகும்போதே மேலே உட்கார்ந்து கல்தச்சர்கள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 1782-ல் சிலையைத் திறந்தார்கள். ஊர் பெயர் பெட்ரோகிராட் ஆனது, லெனின்கிராட் ஆனது, 1991-ல் பழைய பெயருக்கே திரும்பியது. பாறை வைத்த இடத்தில் இருக்கிறது.

நம் மதில் கல்லோ கொள்ளிடத்து மணலில் இறங்கியது. கும்பகோணம் போகும் பேருந்து அணைக்கரைப் பாலத்தில் மெல்ல ஊரும்போது பயணிகள் ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அடியில் கிடக்கும் கல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? கீழணையைப் பலமுறை பழுது பார்த்து, மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் அது தேக்கும் நீர்தான் வடவாற்றில் திரும்பி வீராணம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி இராசேந்திரனுக்கும் மூத்தது, பராந்தகச் சோழன் காலத்தில் இளவரசன் இராசாதித்தன் வெட்டியது. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் முதன்முதலில் குதிரையோடு வந்து நிற்பது அதன் கரையில்தான்.

வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் என்று 1970-களில் ஒரு முயற்சி நடந்தது. பெரிய பெரிய குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடும்பமே நடத்தினார்கள். 2004-ல் புதிய வீராணம் திட்டம் முடிந்தது. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓட்டி, போரூரில் சேர்த்து, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நகரத்துக்கு அனுப்பும் திட்டம். இப்போது கடல் நீரைக் குடிநீராக்கி அனுப்பும் நெம்மேலியும் மீஞ்சூரும் இருக்கின்றன, செம்பரம்பாக்கமும் புழலும் இருக்கின்றன. இன்ன தெருவுக்கு இன்ன ஏரி என்று மெட்ரோ வாட்டர் பிரித்துப் பார்த்து ஊற்றுவதில்லை. ஆழ்வார்பேட்டை அடுக்ககத்துச் சம்ப்பில் காலை நேரத்தில் விழும் தண்ணீரில் கொள்ளிடத்துப் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல வழியில்லை. மேட்டூர் திறந்து ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் பங்கு உண்டு. மேட்டூர் மூடி வீராணம் வறண்டால் அந்தப் பங்கும் நின்றுவிடும், தெருவில் மறுபடி லாரி வரும்.