மார்கழி விடியலில் நின்றுபோகும் கார்: மண்ணெண்ணெய்க் காலத்து எஞ்சின்களும் அவற்றின் பிழைகளும்

சண்டிலிப்பாயில் இருக்கும் பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் இன்றும் ஓடுகிறது. ஊருக்குள் கலியாண வீடென்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்டு வருவார்கள். வருடத்தில் பத்து மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. மார்கழி பிறந்தால் மட்டும், விடியற்காலையில் ஸ்ரார்ட் எடுத்து, ஒழுங்கை முகப்பு வரை வந்து, இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். வெயில் ஏறிய பிறகு ஒன்றும் நடவாததுபோல ஓடும்.

போன மார்கழியில் அதைக் கொக்குவிலில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர். பொனற்றைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் சற்று நேரம் பார்த்தார். “தம்பி, இது மண்ணெண்ணெயில ஓடின வண்டியெல்லோ” என்றார்.

ஓடியதுதான். 1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் போனது. பற்றரியும் தடை. பெற்றோல் கள்ளமாக, போத்தல் கணக்கில் மட்டுமே கிடைத்தது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான் என்றாலும் அது எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் முதல் வாடகைக் கார் வரை எல்லாமே அதற்கு மாறின. அந்தப் புகையில் கண் எரிந்த ஞாபகம் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவருக்கும் இருக்கும்.

பெற்றோல் எஞ்சினை இப்படி ஓட்டுவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியாவில் 1949 முதல் வந்த பெர்குசன் ட்ராக்டர்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாறும்படியே செய்யப்பட்டிருந்தது. அதற்குத் தேவையான பாகங்களைத் தொழிற்சாலையே பொருத்திக் கொடுத்தது. எங்கள் மெக்கானிக்மாருக்குக் கிடைத்தவை சேலைன் குழாயும் பழைய போத்தலும் பித்தளை டப்பும்தான்.

செய்தது என்னவென்றால், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பொனற்றுக்குள், காபரேட்டருக்கு மேலே, ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோல். இரண்டுக்கும் ஒவ்வொரு டப். மண்ணெண்ணெய் வரும் செம்புக் குழாயை எக்ஸோஸ்ட் குழாயில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிடுவார்கள், சூடாகி வரட்டும் என்று. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் ‘தட்டும்’ என்பதால் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவைப்பார்கள். சிலர் சிலிண்டர் ஹெட்டின் கீழ் இரண்டு கேஸ்கட் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். 1200 சிசி ஏ40 இதையெல்லாம் தாங்கியதற்கு அதன் அமுக்கம் முதலிலேயே குறைவாக, ஏறத்தாழ 7-க்கு 1 என இருந்தது முக்கிய காரணம்.

விடியற்காலையில் ஏன் நின்றது? பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும். யாழ்ப்பாணத்து மார்கழி விடியல் 22, 23 பாகை. எங்களுக்கு அது குளிர், மண்ணெண்ணெய்க்கோ கடும் குளிர். சித்திரை மத்தியானத்தில் வெயிலில் நின்ற எஞ்சின் பிழை செய்தாலும் மன்னிக்கும். மார்கழியில் மன்னிக்காது.

ஆனால் மெக்கானிக் ஐயா ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காலையில் நிற்கும் காரின் பிழை பெரும்பாலும் முதல்நாள் இரவே நடந்துவிட்டிருக்கும். வீட்டுக்கு வரும்போது, நிறுத்துவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே மண்ணெண்ணெய் டப்பைப் பூட்டிப் பெற்றோல் டப்பைத் திறக்க வேண்டும். காபரேட்டர் கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து முடிந்து, பெற்றோல் வந்து நிரம்பிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நினைத்தோ மறந்தோ அப்படியே நிறுத்தினால், கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெயோடு வண்டி விடியும்வரை ஆறிக் கிடக்கும்.

அதன் அடையாளம் தெளிவானது. காபரேட்டர் வாயில் பெற்றோல் விட்டால் உடனே பிடிக்கும். பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். திரும்ப விட்டால் திரும்பவும் அதே. எத்தனை தரம் விட்டாலும் பயனில்லை, பற்றரிதான் இறங்கும். கிண்ணத்தைக் கழற்றி ஊற்றித் துடைத்து, பெற்றோலால் நிரப்புவதே வழி.

இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஓடி, மண்ணெண்ணெய்க்கு மாற்றியவுடன் நின்றால் அது வேறு பிழை: அவசரப்பட்டு மாற்றியது. எக்ஸோஸ்ட் குழாயில் ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சீறிப் பறக்க வேண்டும், அதுவரை டப்பில் கை வைக்கக்கூடாது என்பது ஐயாவின் கணக்கு. வெள்ளைப் புகை கக்கியபடி இழுத்து இழுத்து ஓடினால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஈரமாக, மண்ணெண்ணெய் மணத்தோடு இருந்தால் அடுப்பில் காயவைத்துப் போடுவார்கள். கரி பிடித்திருந்தால் சுரண்டுவார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் மண்ணெண்ணெயில் தண்ணீர் இருக்கலாம், பரல் அடியில் வாங்கினால் அது நிச்சயம். அல்லது ரப்பர் குழாய் எண்ணெயில் ஊறி உள்ளே உரிந்து, வழியை அடைத்திருக்கலாம்.

ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்து, ஒயில் கூடியிருக்கிறதென்று சந்தோசப்பட்டவர்களும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்ததால் வந்த கூடுதல் அது. அப்படியே ஓடினால் பெயாரிங் போய்விடும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல எஞ்சின்கள் முடிந்தது இப்படித்தான்.

இந்தப் பிழைகளில் இரண்டு என் பிறப்போடு சம்பந்தப்பட்டவை. 1992 மார்கழியில் ஒரு விடியற்காலை, அம்மாவுக்கு வலி எடுத்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் மருத்துவமாது. பெரியப்பா முதல்நாள் களைத்து வந்து, டப்பை மாற்றாமலே காரை நிறுத்தியிருந்தார். முற்றத்திலேயே பிடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. அப்பா அரிக்கன் லாம்பைத் தள்ளிப் பிடிக்க, பெரியப்பா கிண்ணத்தைக் கழற்றினார். ஆனைக்கோட்டையில் கார் மறுபடி நின்றது. போத்தலில் பெற்றோல் முடியப்போகிறதென்று பயந்து, எஞ்சின் சூடாக முன்பே மாற்றிவிட்டார். இருவரும் தள்ளினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அரைமணி நேரத்தில் நான் பிறந்தேன். இந்தக் கதையில் டப்பைப் பற்றிய பகுதியைப் பெரியப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது, இளம் பொடியங்கள் சிலர் ஐயாவிடம் வந்து, தங்கள் கார்களையும் இப்படி மாற்றலாமா என்று கேட்டார்களாம். விரட்டிவிட்டிருக்கிறார். இன்றைய காரில் காபரேட்டரே இல்லை. எரிபொருளை அளந்து தெளிக்கும் ஊசிகளும் புகையை அளக்கும் சென்சரும் மண்ணெண்ணெயில் கெட்டுப்போகும், அமுக்கமும் அதிகம். அதே ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதும் அந்தப் பேச்சு முடிந்துபோனது. அடிபட்டவர்கள் மண்ணெண்ணெய்ப் படகு எஞ்சின் வைத்திருந்த கடற்றொழிலாளர்கள்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: திறந்த காபரேட்டர் வாயில் பெற்றோல் ஊற்றுவது ஆபத்தான வேலை. எஞ்சின் திருப்பி அடித்தால் நெருப்பு நேரே கைக்கும் முகத்துக்கும்தான் வரும். இன்று ஒருவரும் செய்து பார்க்க வேண்டாம்.

எங்கள் ஏ40க்கு வருவோம். இப்போது அது முழுப் பெற்றோலில் ஓடுகிறது. பிறகேன் மார்கழியில் நிற்கிறது? ஐயா காபரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். சோக் தகடு இல்லை. பெற்றோலை நேரே ஊற்றுவதற்கு இடைஞ்சல் என்று அந்தக் காலத்தில் யாரோ கழற்றியிருக்கிறார்கள், ஒருவரும் திருப்பிப் போடவில்லை. உள்ளே இழுக்கும் வயர் மட்டும் ஒன்றிலும் பிடிபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குளிரில் எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தகடு இல்லாமல் அது நடக்காது. தீப்பொறி நேரமும் மண்ணெண்ணெய்க்குப் பிந்தவைத்தபடியே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கார் வராத மண்ணெண்ணெய்க்காகக் காத்திருந்திருக்கிறது.

கழித்துப்போட்ட ஒரு காபரேட்டரில் இருந்து தகடு எடுத்துப் போட்டோம். நேரத்தைச் சரிசெய்தோம். எக்ஸோஸ்டில் சுற்றியிருந்த செம்புக் குழாயையும் கழற்றினார் ஐயா. அது பெற்றோலைச் சூடாக்கி மத்தியானத்தில் வேறு தொல்லை தரும் என்றார். போத்தல் வைக்கும் தகரப் பிடியையும் கழற்றப் போனபோது, அதுவரை பேசாமல் நின்ற பெரியப்பா, “உது கிடக்கட்டும்” என்றார். கழற்றவில்லை. அடுத்தநாள் காலை ஐந்தரைக்குச் சோக்கை இழுத்து ஸ்ரார்ட் எடுத்தோம். ஒழுங்கை முகப்பைத் தாண்டி மானிப்பாய் வரை நிற்காமல் போனது.