மாவோரி மக்களும் அரசாங்கமும்

ஒரு சமூகம் நோயாலும் வறுமையாலும் நலிவுறும்போது அதனைக் காப்பது அரசாங்கத்தின் கடமையா, அன்றி அச்சமூகத்தாரின் கடமையா என்னும் வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. நியூசீலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது. அவ்வரலாற்றிலே முன்னின்று உழைத்தோர் ஒரு கல்லூரி மாணவர் சங்கத்தினர். ஆதலின் அதனை இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம்.

1840 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆந் திகதி வைத்தாங்கி என்னுமிடத்தில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரித்தானிய முடிக்கும் இடையே உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் போரினாலும் பறிமுதலாலும் விற்பனையாலும் மாவோரி மக்கள் தம் நிலத்திற் பெரும்பகுதியை இழந்தனர். வெளியிலிருந்து வந்த நோய்கள் ஊரூராய்ப் பரவின. 1840 இல் 70,000 முதல் 90,000 வரை இருந்ததாக மதிப்பிடப்படும் அவர் தொகை 1896 இல் ஏறக்குறைய 42,000 ஆகக் குறைந்தது. அவ்வினம் விரைவில் அழிந்தொழியும் என்றே வெள்ளையர் பலர் கருதினர்.

கல்வித் துறையில் அரசாங்கம் 1867 இல் சுதேசப் பாடசாலைச் சட்டத்தை இயற்றியது. பாடசாலை வேண்டிய ஊரவர் அதற்குரிய நிலத்தைத் தாமே நன்கொடையாக அளித்தனர். ஆயினும் அங்கே போதனாமொழி ஆங்கிலமாயிற்று. தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகள் பலர். நிலம் கொடுத்தவர்க்கு, தம் பிள்ளைகள் எம்மொழியிற் கற்பது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதுபோயிற்று.

இந்நிலையிலே ஹோக்ஸ் பே பகுதியிலுள்ள தெ அவுதே கல்லூரியின் மாணவரும் பழைய மாணவரும் 1897 இல் ஒரு சங்கம் அமைத்தனர். பிற்காலத்தில் 'இளம் மாவோரிக் கட்சி' எனப் பெயர்பெற்ற இயக்கம் இதிலிருந்தே தோன்றியது. அபிரானா ஙாட்டா, மவுயி பொமரே, தெ ரங்கி ஹீரோவா எனப்படும் பீற்றர் பக் ஆகிய மூவரும் அதன் தூண்களாய் விளங்கினர். ஙாட்டா சட்டம் பயின்றவர். ஏனைய இருவரும் வைத்தியர்கள். சுத்தமான குடிநீர், காற்றோட்டமுள்ள வீடு, மதுவிலக்கு, கல்வி என்பனவற்றை ஊரவரிடையே பரப்புதலை அவர்கள் தம் பணியாகக் கொண்டனர்.

அப்பொழுது சுதேச விவகார மந்திரியாய் இருந்த ஜேம்ஸ் கரோல் தாய்வழியில் மாவோரி. அவர் காலத்தில், 1900 இல், மாவோரிச் சபைகள் சட்டம் நிறைவேறியது. தத்தம் பகுதியிலே சுகாதார விதிகளை ஆக்கவும் நடைமுறைப்படுத்தவும் ஊர்ச்சபைகள் அதிகாரம் பெற்றன. 1901 இல் பொமரே மாவோரிச் சுகாதார அதிகாரியாக நியமனம் பெற்றார். 1905 இல் பீற்றர் பக் அவருக்குத் துணையாக வந்தார். இருவரும் ஊர் ஊராய்ச் சென்று, பொதுமன்றங்களில் முதியோர் முன்னிலையில், அவர்தம் மொழியிலேயே நோய்களின் காரணங்களை விளக்கினர். 1909 வரையிலான ஆறாண்டுகளில் சுகாதாரக்கேடான 1,200 க்கு மேற்பட்ட குடில்கள் அகற்றப்பட்டன. 2,000 க்கு மேற்பட்ட புதிய வீடுகளும் ஏறத்தாழ 1,000 மலசலகூடங்களும் எழுந்தன. பிறர் கட்டளையிட்டிருந்தால் மறுத்திருக்கக்கூடிய மக்கள், தம்மவர் சொல்லக் கேட்டுத் தாமே செய்த வேலை இது.

ஆனால் சபைகளுக்கு அதிகாரம் அளித்த அரசாங்கம் போதிய பணம் அளிக்கவில்லை. 1911 ஆம் ஆண்டளவில் வைத்தியர் இருவரும் பாராளுமன்றம் சென்றுவிட்டனர், சபைகளும் தளர்ந்தன. 1918 இல் பெருங்காய்ச்சல் வந்தபோது மாவோரி மக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 50 பேர் மாண்டனர். ஐரோப்பியர் இறப்பு வீதத்திலும் இது பன்மடங்கு அதிகம். சபைகள் தளர்ந்தமையே இதற்கு முழுக் காரணம் என்று நாம் கூறோம். நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் வைத்திய வசதிக் குறைவும் சேர்ந்தே அவ்வழிவை விளைவித்தன. எனினும் தொடங்கிய பணி தொடர்ந்திருப்பின் சில உயிர்களேனும் பிழைத்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

பின்னர் 1951 இல் மாவோரி மாதர் நலச் சங்கம் தோன்றியது. வீனா கூப்பர் அம்மையார் அதன் முதற்றலைவியானார். நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் வீட்டு வசதியையும் பிள்ளைகளின் சுகத்தையும் அம்மாதர் ஆராய்ந்து அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொணர்ந்தனர்.

மொழியிழப்பைத் தடுக்கும் முயற்சியிலோ முதியோரே பெருந்துணையாயினர். 1982 இல் மாவோரி விவகாரத் திணைக்களத்தின் ஆதரவுடன் முதலாவது 'கோகங்கா ரேயோ' திறக்கப்பட்டது. 'மொழிக் கூடு' என்பது அப்பெயரின் பொருள். பள்ளி செல்லும் வயதடையாத குழந்தைகளுடன் பாட்டன் பாட்டியர் மாவோரி மொழியிலேயே பேசிப் பழகினர். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கூடுகள் பெருகின. 1987 இல் மாவோரி மொழி அந்நாட்டின் அரச கருமமொழிகளுள் ஒன்றாயிற்று. ஒரு காலத்தில் பள்ளியிலே தண்டனைக்குரியதாய் இருந்த மொழி சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

2022 இல் மாவோரிச் சுகாதார அதிகாரசபை ஒன்று நிறுவப்பட்டது. அடுத்து வந்த அரசாங்கம் 2024 இல் அதனைக் கலைத்துவிட்டது. ஆட்சி மாறும்போது கூட்டுறவும் மாறலாம் என்பதற்கு இது சான்று.

எனவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை, கடமை இருபாலார்க்கும் உரியது என்பதே. சட்டமும் பணமும் அரசாங்கம் தரவேண்டும். எது வேண்டும், எவ்வாறு வேண்டும் என்பதை மக்களே தீர்மானிக்கவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பணி நிலையாது. ஒரு கல்லூரியின் மாணவர் கூடி அமைத்த சங்கம் தன் இனத்தின் நலிவை எதிர்த்து நின்றது. முதியோரின் நாவு தன் மொழியைக் காக்க உதவியது. சங்கம் அமைத்துப் பணிபுரியும் நம் இளைஞரும், அவர்க்கு வழிகாட்டும் பெரியோரும் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் நன்று.