ஆண்டிறுதிக் கொடையும் அளத்து முன்பணமும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உழவரின் ஆண்டும் உப்பளத் தொழிலாளரின் ஆண்டும் ஒரே பருவத்தில் முடிவதில்லை. வயலில் தை அறுவடையோடு உழைப்பு பலன் தருகிறது. அளத்திலோ ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிட, வாரி எடுத்த உப்பு அம்பாரங்களாகக் குவிக்கப்பட்டு ஓலையால் மூடப்பட்டபின் கூலியும் நின்றுவிடுகிறது. மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து, தரையை மிதித்து இறுக்கி, உவர்நீர் ஏற்றி, மீண்டும் உப்பு வாரத் தொடங்குவதற்குள் மாசியும் பங்குனியும் வந்துவிடும். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் ஆகிய மூன்று பண்டிகைகளும் வருமானமற்ற இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. ஆகவே ஆண்டிறுதியில் கைமாறும் துணியையும் காசையும் இக்கரையில் மங்கல வழக்கமாக மட்டும் கருத முடியாது. அவை மழைக்காலத்தில் அடுப்பு எரிவதற்கான வழியாகவும், அடுத்த பருவத்து உழைப்பை முன்கூட்டியே உறுதிசெய்து கொள்ளும் கருவியாகவும் இருந்து வந்திருக்கின்றன.

கொடை என்னும் வழக்கம் இந்நிலத்துக்கு மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதும், அந்நூல் குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நூலை இயற்றிய நத்தத்தனாரும் இக்கரையை ஒட்டிய இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் உமணரும், வந்தவர்க்குச் சுட்ட மீனும் தேறலும் அளிக்கும் பரதவர் குடியும் அதில் இடம்பெறுகின்றனர். ஆயினும் உடையும் உணவும் தேரும் பெற்றுத் திரும்புபவன் பாணனே. உப்பு விளைவிக்கும் கைகளுக்கு மன்னன் என்ன கொடுத்தான் என்பது அப்பாட்டின் பொருளாக அமையவில்லை.

உழைப்பவருக்குரிய பங்கைப் பற்றிய தெளிவான பதிவுகள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் கிடைக்கின்றன. மரக்காணத்துக்கு வடக்கே பரந்திருந்த செங்கல்பட்டுச் சீமையில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவாய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விளைச்சலும் அதைப் பங்கிட்ட முறையும் அடங்கிய கணக்காகும். களத்து மேட்டில் நெல் அளக்கும்போதே வெட்டியானுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் கோயிலுக்கும் பிரித்துக் கொடுத்த பங்குகள் மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கின. மேரை என்பது தானியக் குவியலிலிருந்து அளந்து கொடுக்கப்பட்ட ஊர்ப்பங்கு. சுதந்திரம் என்பது இங்கே விடுதலையைக் குறிக்காமல், பணிக்கு உரிமையாகக் கிடைக்கும் பேற்றைக் குறித்தது. பொங்கலன்று அவர்கள் வீடு வீடாகச் சென்று பெற்ற பொங்கல் இனாம் இவற்றின் உடன்பிறப்பாகத் தோன்றினாலும், தன்மையில் அது வேறானது. மேரையைக் கேட்டு வாங்கலாம், மறுத்தால் ஊர் நியாயம் பேசும். இனாமோ கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஆண்டிறுதிக் கொடையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே எனலாம்.

இதே இழுபறியை, தமிழகத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள மற்றோர் உப்புக் கரையிலும் காணலாம். ஸ்காட்லாந்தில் ஆண்டின் கடைசி நாளையும் அன்று கொடுக்கப்படும் பரிசையும் ஹாக்மனே என்னும் ஒரே சொல் குறிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆவணங்களில் தலைகாட்டும் அச்சொல், புத்தாண்டுப் பரிசைக் கேட்டுக் கூவும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் திரிபு என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்நாட்டுத் திருச்சபை கிறிஸ்துமஸ் விழாவை விலக்கியதாலும், 1958 வரை அந்நாள் அங்கே பொது விடுமுறையாக இல்லாததாலும், கொண்டாட்டமெல்லாம் ஆண்டிறுதிக்கே இடம்பெயர்ந்தது. சிறுவர்கள் வீடுதோறும் சென்று ஓட்ஸ் அடை கேட்டுப் பெற்றனர். நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசற்படி மிதிக்கும் விருந்தினர் நிலக்கரியும் பலகாரமும் மதுவும் ஒரு பிடி உப்பும் கொண்டுவருவது அவ்வீட்டின் வளத்துக்கு அறிகுறியாக எண்ணப்பட்டது. புதுமனை புகும்போது உப்பையும் மஞ்சளையும் முதலில் எடுத்துச் செல்லும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டின் முதல் திங்கட்கிழமையன்று பண்ணையாட்களுக்கும் வேலையாட்களுக்கும் எசமானர் காசு கொடுத்த வழக்கமும் அங்கே இருந்தது. ஹான்சல் எனப்பட்ட அக்கொடையை நம்மூர்ப் பொங்கல் இனாமுக்கு நேரானதாகக் கொள்ளலாம்.

எனினும் அந்நாட்டில் கொடைக்கு ஒரு கொடிய மறுபக்கமும் இருந்தது. ஃபோர்த் கடற்கழியின் கரையில் இரும்புத் தட்டுகளில் கடல்நீரை நிலக்கரி கொண்டு காய்ச்சி உப்பெடுத்தவர்களையும், அதற்கான கரியை வெட்டியவர்களையும், முதலாளியின் சம்மதமின்றி வேறிடம் செல்ல முடியாதபடி ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தின் 1606ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டது. ஆர்ல்ஸ் எனப்படும் அச்சாரத் தொகையைக் குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது தந்தையிடம் கொடுத்துவிட்டால், அக்குழந்தை வளர்ந்து அதே தொழிலுக்கு வரக் கடமைப்பட்டதாகக் கருதப்பட்டது. 1775இலும் 1799இலும் இயற்றப்பட்ட இரு சட்டங்களே அந்தக் கட்டை அவிழ்த்தன. மங்கல நாளில் மகிழ்ச்சியோடு நீட்டப்பட்ட காசு ஒரு தலைமுறையின் கால்விலங்காக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பதரிது.

மரக்காணம் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் கொண்டுவந்த உப்பு ஏகபோகம் வேறு வகைக் கட்டாக அமைந்தது. விளைந்த உப்பு முழுவதையும் அரசுக்கே ஒப்படைக்க வேண்டும், அதற்குக் குடிவாரம் என்ற பெயரில் அரசு வரையறுத்த விலை மட்டுமே கிடைக்கும் என்றாயிற்று. பின்னர் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியாக மரக்காணம் அமைந்ததால் இப்பகுதி சென்னையோடு நீர்வழியில் இணைந்தது. இந்த ஆட்சியில் ஆண்டிறுதிக் கொடையின் திசையும் மாறியது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் துரைமாருக்குப் பழமும் பூவும் இனிப்பும் நிரப்பிய தட்டுகளைக் கீழ்நிலை ஊழியரும் குத்தகைக்காரரும் கொண்டுபோய் வைத்தனர். டாலி என்று ஆங்கிலேயர் அழைத்த இத்தட்டுகள் நாடெங்கும் பரவியிருந்தன. புத்தாண்டன்று மேலதிகாரிக்கு எலுமிச்சம்பழம் நீட்டும் அலுவலக வழக்கில் அதன் சுவடு இன்றும் காணப்படுகிறது. மேலிருந்து கீழே வரவேண்டிய கொடை கீழிருந்து மேலே ஏறிய அந்தக் காலம், இவ்வழக்கத்தின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதியாகும்.

ஏகபோகமும் அதைத் தொடர்ந்த வரிமுறையும் மாறி, 1947 ஏப்ரலில் உப்பு வரியே நீங்கியபின், தொழிலாளிக்கும் அளத்து உரிமையாளருக்கும் இடையில் எஞ்சி நின்றது முன்பணம். தமிழகக் கடற்கரை உப்பளங்களில் மழைக்காலத்தில் பெறும் முன்பணத்தை வரும் பருவத்துக் கூலியில் கழித்துக் கொள்வது வழக்கம். அதை வாங்கியவர் அந்த அளத்துக்கே வேலைக்குச் செல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க வாங்கிய பணம் சித்திரை வெயிலில் உப்பு வாரிக் கழிக்கப்படுகிறது என்றால் அதைக் கொடை என்று அழைக்க இயலாது. கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைக்கும் முறையைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் குற்றமாக்கியதன் பொருள் இக்கரையில் நன்றாகவே விளங்கும்.

கொடையை உரிமையாக மாற்றும் முயற்சி ஆலைகளில் தொடங்கியது. முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்தை ஈடுசெய்ய, பம்பாய்ப் பஞ்சாலைகள் 1917இல் கூலியில் பத்து விழுக்காட்டைப் போர்க்கால போனஸாகக் கொடுத்தன. சில ஆண்டுகளில் அது ஆண்டு போனஸாக நிலைபெற்று, பின்னர் நிறுத்தப்பட்டபோது 1924இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அது முதலாளிகள் மனமுவந்து கொடுத்ததேயன்றித் தொழிலாளர் உரிமையாகக் கோரத்தக்கது அன்று என அப்போது விசாரித்த குழு கூறியது. அந்தக் கூற்று மெல்ல மெல்லக் கரைந்து, 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் பிறந்தது. அதன் குறைந்தபட்ச அளவு 4 விழுக்காட்டிலிருந்து பின்னர் 8.33 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ ஒரு மாதக் கூலியாக உயர்ந்தது.

கூரையோ சுவரோ இல்லாத உப்பளமும் தொழிற்சாலைதான் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் பம்பாய்ப் பகுதி உப்பளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால், தொழிற்சாலைகளுக்குப் பொருந்திய போனஸ் சட்டத்தின் கதவு அளத்துத் தொழிலாளருக்கும் திறந்தே இருந்தது. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தியே, திறந்த நிலமும் தொழிலிடமே என்ற அத்தீர்ப்பு, வெயிலில் நிற்பவரைச் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவந்த ஒன்றாகப் போற்றத்தக்கது. ஆனால் சட்டம் தலைக்கணக்கு பார்க்கிறது. பத்து ஏக்கருக்குட்பட்ட அளங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று 1948இல் விலக்கு அளிக்கப்பட்டபின் பெருகிய சிறு அளங்கள் பலவற்றில், சட்டம் கேட்கும் எண்ணிக்கைக்கு ஆட்களே இல்லை.

அந்த இடைவெளியை அரசின் கொடை ஓரளவு நிரப்புகிறது. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டமும், பிற்காலத்துப் பொங்கல் பரிசுத் தொகுப்பும் குடும்ப அட்டையின் அடிப்படையில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பவை. 2022இல் நடைமுறைக்கு வந்த, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையற்ற காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் நிவாரணமோ அவர்களுக்கென்றே அமைந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் இக்கரையைத் தாக்கிய ஃபெங்கல் புயலையும் நினைத்துப் பார்ப்பவர் அத்தொகையைச் சிறியது என்றே கூறுவர். ஆயினும் அது கூலியில் கழிக்கப்படுவதில்லை, எவருடைய அளத்துக்கும் ஒருவரைப் பிணைப்பதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, போனஸ் உரிமையை இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு என வரையறுக்கிறது. மின் இறைப்பி கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நடத்தும் அளம் தொழிற்சாலை என்ற கணக்கில் பழைய சட்டத்துக்குள் அடங்கக் கூடியதாக இருந்தது. புதிய வரையறையில் அதற்கு இடமில்லை. அங்கே வேலை செய்பவருக்கு ஐப்பசியில் எஞ்சியிருப்பவை அரசின் நிவாரணமும் அளத்துக்காரரின் முன்பணமுமே.