வயதுத் தகுதியும் பூட்டிய அடுக்கும்: ‘வெறுங்கால் கென்’ மங்காவை முன்வைத்து

2012ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானின் ஷிமானே மாவட்டத் தலைநகரான மட்சுயேயின் கல்வி வாரிய அலுவலகம், நகரத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தது. நகஸாவா கெய்ஜி வரைந்த ‘ஹதாஷி நோ கென்’ (வெறுங்கால் கென்) என்னும் பத்துத் தொகுதி மங்காவைப் பள்ளி நூலகத்தின் திறந்த அடுக்கிலிருந்து எடுத்துப் பூட்டிய அடுக்கில் வைக்க வேண்டும். ஆசிரியரின் இசைவின்றி மாணவர்க்கு வழங்கலாகாது என்பது அதன் சாரம். அம்மாதம் 19ஆம் நாள் நகஸாவா காலமானார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

சித்திரக்கதைகளின் வயதுத் தகுதி குறித்து ஜப்பானில் எழுந்த வழக்குகளுள் இது தனித்து நோக்கத்தக்கது. பாலியல் மிகையோ மலிவான வன்முறையோ கொண்ட படைப்பன்று இது. அணுகுண்டு வீச்சைத் தன் கண்ணால் கண்டவர் வரைந்த கதை. அத்தகைய நூலுக்கு ‘வயது’ என்னும் அளவுகோல் எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருளாகும்.

மங்கா இதழ்கள் ஷோனென் (சிறுவர்), ஷோஜோ (சிறுமியர்), செய்னென் (இளைஞர்) எனப் பகுக்கப்படுவதைப் பலரும் அறிவர். இப்பகுப்பு வாசகரை நோக்கிய வணிக அடையாளமேயன்றித் தடைக்கோடு அன்று. ஷோனென் இதழைப் பெண்களும் முதியோரும் வாங்கிப் படிக்கின்றனர். தடைக்கோடு வேறிடத்திலிருந்து வந்தது. 1955இல் வலுப்பெற்ற ‘தீய நூல் விரட்டு’ இயக்கத்தில் தெஸுகா ஒஸாமு போன்றோரின் படைப்புகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. சில இடங்களில் மங்கா நூல்கள் தீயிலும் இடப்பட்டன. மாவட்ட அரசுகள் இயற்றிய இளையோர் பாதுகாப்பு விதிகள் ‘தீங்கு விளைக்கும் நூல்’ என்னும் வகையை வரையறுத்தன. எனினும் இவை பெரும்பாலும் கடை விற்பனையைப் பற்றியவை. பள்ளி நூலகங்களில் மங்காவுக்கு நெடுங்காலம் இடமே இல்லாதிருந்தமையால் அங்கு வழக்கு எழவும் வாய்ப்பில்லை. அவ்வாயிலைத் திறந்த முதன்மையான நூல்களுள் ஒன்று ‘வெறுங்கால் கென்’. பள்ளிக்குள் கிடைத்த ஒரே மங்கா அதுவே என்று நினைவுகூரும் ஜப்பானியர் பலர்.

நகஸாவா 1939இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945 ஆகஸ்டு 6 அன்று ஆறு வயதுச் சிறுவனாகப் பள்ளி மதிலின் மறைவில் உயிர்தப்பினார். தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். தாய் 1966இல் இறந்தபின்னரே அவர் அணுகுண்டைத் தம் கதைப்பொருளாக்கத் துணிந்தார். ‘கருமழையில் நனைந்து’ என்னும் பொருள்படும் அவரது முதல் அணுகுண்டுக் கதையை முன்னணி இதழ்கள் ஏற்கவில்லை. 1968இல் வயதுவந்தோர்க்கான இதழ் ஒன்றிலேயே அது வெளிவந்தது. 1973இல் ‘வாராந்தர ஷோனென் ஜம்ப்’ இதழில் ‘வெறுங்கால் கென்’ தொடராகத் தொடங்கியது. மறு ஆண்டிலேயே அவ்விதழில் நின்றுபோயிற்று.

இதழ் மாற்றம் இவ்வழக்கைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கதையின் முற்பகுதி சிறுவர் வார இதழில் வந்தது. பிற்பகுதியோ பொதுவுடைமைக் கட்சியின் பண்பாட்டிதழிலும், அதன்பின் ஆசிரியர் சங்கத்தின் கல்வியிதழிலும் 1980களின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது. அவற்றின் வாசகர் வயதுவந்தோர். மட்சுயே அதிகாரிகள் சுட்டிய பக்கங்கள், ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படையினர் தலை கொய்வதையும் பெண்களை வதைப்பதையும் காட்டுவன. இவை பத்தாம் தொகுதியில் உள்ளன. தோல் உரிந்து தொங்க நடந்துவரும் ஹிரோஷிமா மக்களைக் காட்டும் பக்கங்களோ சிறுவர் இதழுக்கென்றே வரையப்பட்டவை. அவற்றையும் சிறு வாசகர் பொருட்டுத் தாம் தணித்தே வரைந்ததாக நகஸாவா கூறியுள்ளார். ஆக, ஒரே அட்டையின்கீழ் இருவேறு வாசகரை நோக்கிய பகுதிகள் சேர்ந்துள்ளன. ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்தாம் தொகுதியின் அப்பக்கங்கள் கடுமையானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பூட்டப்பட்டவை பத்துத் தொகுதிகளும்.

வேண்டுகோளின் தோற்றுவாயும் நோக்கத்தக்கது. 2012 ஆகஸ்டில் நகரமன்றத்திற்கு வந்த விண்ணப்பம், இந்நூல் பிழையான வரலாற்றுப் பார்வையைப் பிள்ளைகளிடம் புகுத்துகிறது என்று கூறி அதனைப் பள்ளிகளிலிருந்து அகற்றக் கோரியது. நகரமன்றம் அதனை ஏற்கவில்லை. அதன்பின் கல்வி வாரிய அலுவலகம் தானே முன்வந்து, வரலாற்றைப் பேசாமல் காட்சிகளின் கொடுமையைக் காரணங்காட்டியது. கேட்டது ஒரு காரணத்திற்காக. தந்தது வேறொரு காரணத்திற்காக. வயது என்னும் சொல் இங்கே வழக்கின் பெயரை மாற்றிவிட்டது எனலாம்.

2013 ஆகஸ்டில் செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஜப்பான் நூலகச் சங்கம் ‘நூலகச் சுதந்திரம் பற்றிய அறிவிக்கை’யைச் சுட்டி மறுபரிசீலனை கோரியது. 1954இல் ஏற்கப்பெற்ற அவ்வறிவிக்கை 1979இல் திருத்தம் பெற்றது. திருத்தத்திற்குத் தூண்டுகோலாயிருந்தது யமகுச்சி மாவட்ட நூலக நிகழ்ச்சி. அங்கு ஏறத்தாழ ஐம்பது நூல்களை நூலகப் பணியாளரே பெட்டியிலிட்டு மறைத்தது 1973இல் வெளிப்பட்டது. கென் ஷோனென் ஜம்பில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். திருத்திய அறிவிக்கை, நூலகத்தைப் பயன்படுத்துவதில் வேறுபாடு காட்டலாகாத கூறுகளுள் இனம், நம்பிக்கை, பால் ஆகியவற்றோடு வயதையும் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. சிறுவனும் ஒரு வாசகன் என்பதே இதன் உட்பொருள். சென்னையில் 1931இல் வெளியான எஸ். ஆர். இரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகளும் இவ்வெண்ணத்திற்கு அயலானவை அல்ல. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்னும் அவர்தம் விதிக்கு வயது வரம்பு இல்லை. திறந்த அடுக்கு முறையையும் அவர் வலியுறுத்தினார்.

ஆகஸ்டு 26 அன்று கல்வி வாரியம் கூடி வேண்டுகோளைத் திரும்பப் பெற்றது. காரணம் நடைமுறைப் பிழை: வாரிய உறுப்பினரைக் கலவாமல் அலுவலகமே முடிவெடுத்திருந்தது. கையாளும் முறை பள்ளிகளின் பொறுப்புக்கே விடப்பட்டது. நூல் மீண்டும் அடுக்குக்கு வந்தது உண்மையே. ஆயினும் எவ்வயதுப் பிள்ளை எதைப் படிக்கலாம், அதை யார் முடிவுசெய்வது என்னும் வினாவை வாரியம் தொடவில்லை. அத்தீர்வைக் கொண்டாடியோர் இதனைப் போதுமான அளவு கருதவில்லை.

இவ்வினா பள்ளிகளோடு நின்றதுமன்று. தோத்தோரி நகரின் பொது நூலகத்தில், பெற்றோர் ஒருவரின் முறையீட்டை அடுத்து, 2011 முதல் ஈராண்டுக் காலம் இந்நூல் அலுவலக அறையில் வைக்கப்பட்டிருந்தது. கேட்போருக்குத் தரப்பட்டது. ஆனால் இருப்பதே தெரியாத நூலை யார் கேட்பது? மட்சுயே செய்தி வெளிவந்த பின்னரே அது திறந்த அடுக்குக்குத் திரும்பியது. ஒஸாகா மாவட்டத்து இஸுமிஸானோவில் 2014 ஜனவரியில் பள்ளிகளிலிருந்து நூற்படிகள் திரட்டி எடுத்துச் செல்லப்பட்டன. அங்குச் சொல்லப்பட்ட காரணம் வன்முறையன்று, இழிவுபடுத்தும் சொற்கள். தலைமையாசிரியர்கள் எதிர்த்தனர், மார்ச்சு மாதத்தில் நூல்கள் திருப்பித் தரப்பட்டன. முதலில் வரலாறு, அடுத்துக் கொடுமை, பின்னர்ச் சொல் எனக் காரணம் மாறிக்கொண்டே வர, நூல் மட்டும் மாறவில்லை.

ஹிரோஷிமாவிலும் இது தொடர்ந்தது. அந்நகரக் கல்வி வாரியம் தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து ‘வெறுங்கால் கென்’ பகுதிகளை 2023ஆம் கல்வியாண்டு முதல் நீக்கியது. ஐயம் எழுப்பப்பட்ட காட்சிகளில் குருதியில்லை, வாளில்லை. கருவுற்ற தாய்க்கு ஊட்டச் சத்து வேண்டிச் சிறுவன் அயலார் குளத்தில் கெண்டை மீன் திருடுகிறான். தெருவில் ‘ரோக்யோகு’ என்னும் கதைப்பாட்டுப் பாடிக் காசு திரட்டுகிறான். இன்றைய பிள்ளைகளின் வாழ்வுக்கு இவை அயலானவை, திருட்டைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று காரணம் கூறப்பட்டது. கெண்டை மீனுக்காக ஒரு சிறுவன் ஏன் குளத்தில் இறங்கினான் என்பதற்கான விடை, அதே கதையின் அரிசிப் பங்கீட்டுப் பக்கங்களில் இருக்கிறது.