கே. பாலச்சந்தரின் திரைப்படங்கள்

கே. பாலச்சந்தர் (ஜூலை 9, 1930 - டிசம்பர் 23, 2014) தமிழ்த் திரைப்பட இயக்குனர், தயாரிப்பாளர், நாடகாசிரியர் ஆவார். தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிகளிலும் படங்களை இயக்கியுள்ளார். நாயகனை மையமாகக் கொண்டிருந்த தமிழ்த் திரையுலகில் நடுத்தரக் குடும்பங்களையும் வேலைக்குச் செல்லும் பெண்களையும் கதையின் மையத்தில் வைத்தவர் என்று பாராட்டப்படுகிறார். அதே வேளையில், அவருடைய படங்கள் எழுப்பும் கேள்விகளுக்கும் அவற்றின் முடிவுகளுக்கும் இடையிலான முரண் நீண்ட கால விவாதத்துக்கு உரியதாக இருந்து வருகிறது.

மேடையிலிருந்து திரைக்கு

பாலச்சந்தர் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். சிறிது காலம் முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்தபின் சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்தார். அலுவலகப் பணியுடன் நாடகங்களையும் எழுதி மேடையேற்றினார். மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, எதிர்நீச்சல் ஆகிய நாடகங்கள் பின்னர் திரைப்படங்களாயின. இவற்றுள் சர்வர் சுந்தரத்தை கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். 1964-இல் எம். ஜி. ஆர். நடித்த தெய்வத்தாய் படத்துக்கு பாலச்சந்தர் வசனம் எழுதினார். அவர் இயக்கிய முதல் படம் 1965-இல் வெளிவந்த நீர்க்குமிழி ஆகும். நாகேஷ் முதன்மைப் பாத்திரத்தில் நடித்த இப்படத்தின் கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது.

மேடை அனுபவம் அவருடைய படங்களின் பலமாகவும் குறையாகவும் கருதப்படுகிறது. குறைந்த இடங்கள், தெளிவாக வேறுபடுத்தப்பட்ட பல பாத்திரங்கள், கூர்மையான உரையாடல் ஆகியவை அதன் பயன்கள். பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டை வைத்தே எடுக்கப்பட்ட எதிர்நீச்சல் (1968) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். காட்சியால் உணர்த்தக்கூடியதையும் பாத்திரங்கள் பேசியே தீர்க்கின்றன என்பது எதிர்த்தரப்பினரின் கருத்தாகும்.

பெண் பாத்திரங்கள்

இருகோடுகள் (1969) படத்தில் மாவட்ட ஆட்சியராக வரும் பெண்ணின் அலுவலகத்தில், அவரைப் பிரிந்து மறுமணம் செய்துகொண்ட கணவர் எழுத்தராகப் பணிபுரிகிறார். அரங்கேற்றம் (1973) வறிய புரோகிதர் குடும்பத்தின் மூத்த மகள் லலிதா, குடும்பத்தைக் காப்பாற்றப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுவதைக் கூறுகிறது. பிரமீளா நடித்த இப்படம் வெளிவந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அளவுக்கு மீறிய பிள்ளைப்பேறு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதும் படத்தின் பொருளாகும்.

அவள் ஒரு தொடர்கதை (1974) படத்தின் கவிதா, தன் சம்பளத்தில் முழுக் குடும்பத்தையும் தாங்குபவள். இப்பாத்திரத்தில் சுஜாதா நடித்தார். வீட்டில் சிடுசிடுப்பவளாகவும், யாரிடமும் பணிந்து போகாதவளாகவும் அவள் படைக்கப்பட்டிருந்தமை அக்காலத்துக்குப் புதிது. அபூர்வ ராகங்கள் (1975) ஓர் இளைஞன் தன்னினும் மூத்த பாடகியையும், அவனுடைய தந்தை அப்பாடகியின் மகளையும் மணக்கும் நிலை ஏற்பட்டால் உறவுமுறை என்னவாகும் என்ற வேதாளக் கதைப் புதிரை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தது.

முடிவுகள் பற்றிய விவாதம்

இப்படங்களைப் பற்றிய முதன்மையான விமர்சனம், துணிவுடன் தொடங்கும் கதைகள் இறுதியில் பின்வாங்குகின்றன என்பதாகும். அரங்கேற்றத்தின் லலிதா தன் குடும்பத்தாலேயே வெறுக்கப்பட்டு மனநிலை பிறழ்கிறாள். கவிதா தனக்குக் கிடைத்த வாழ்வைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து மீண்டும் வேலைக்குச் செல்கிறாள். அபூர்வ ராகங்களில் பாடகியைக் கைவிட்டுச் சென்ற கணவன் திரும்பி வந்து இறக்க, இரு இணைகளும் பிரிகின்றன. சிந்து பைரவியில் (1985) பாடகரை விரும்பிய சிந்து, தான் பெற்ற குழந்தையை அவருடைய மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறாள். மரபை மீறும் பெண் தண்டனை பெறுகிறாள் அல்லது தியாகியாகிறாள். குடும்ப அமைப்போ மாறாமல் நிலைக்கிறது என்று இத்தரப்பினர் வாதிடுவர்.

மறுதரப்பினர் இம்முடிவுகளைத் தீர்ப்பாக அன்றிக் குற்றச்சாட்டாகக் கொள்கின்றனர். லலிதாவின் பணத்தில் உண்டவர்களே அவளை ஒதுக்குவதைக் காட்டுவது அக்குடும்பத்தின் மீதான கண்டனமே ஆகும். கவிதாவின் கதை தொடங்கிய இடத்திலேயே முடிவது, அவளுடைய சுமைக்கு முடிவில்லை என்பதை உணர்த்துகிறது. எல்லோரையும் மணம் செய்துவைத்து முடித்திருந்தால் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பர் என்பது இவர்களின் வாதம்.

இரு தரப்பினரும் கருதவேண்டிய வேறு படங்களும் உள்ளன. அவர்கள் (1977) படத்தில் கொடுமைக்காரக் கணவன், முன்னாள் காதலன், அன்புள்ள நண்பன் ஆகிய மூவரில் எவரையும் சாராமல் அனு ஊரை விட்டுப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணையாக வருபவர் அவளுடைய மாமியார். சிவசங்கரியின் நாவலைத் தழுவிய 47 நாட்கள் (1981) படத்தில், மணவாழ்க்கையில் ஏமாற்றப்பட்ட பெண் மறுமணம்தான் தீர்வா என்று சினங்கொண்டு கேட்கிறாள். அச்சமில்லை அச்சமில்லை (1984) படத்தில் சரிதா ஏற்ற தேன்மொழி, பதவியால் சீரழிந்த கணவனைத் தானே கொல்கிறாள். இவற்றை நோக்கும்போது, தியாகம் ஒன்றே அவருடைய பெண்களின் வழி என்று கூற இயலாது.

திரைமொழி

குறியீடுகளைப் பயன்படுத்துவது பாலச்சந்தரின் முத்திரையாக அறியப்படுகிறது. ஒரு கோட்டைச் சிறியதாக்க அதன் அருகே பெரிய கோடு வரையும் உவமை இருகோடுகள் படத்தின் பெயருக்கே அடிப்படையாகும். அவர்கள் படத்தில் கமல்ஹாசன் தான் சொல்ல இயலாததைக் கையிலுள்ள பொம்மையைக் கொண்டு சொல்கிறார். இத்தகைய குறியீடுகள் சில இடங்களில் வலிந்து புகுத்தப்பட்டவையாகத் தோன்றுகின்றன என்ற குறையும் கூறப்படுவதுண்டு.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய தண்ணீர் தண்ணீர் (1981) இக்குறையிலிருந்து பெரிதும் விடுபட்ட படமாகும். அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊரின் மக்கள் மாட்டுவண்டியில் நீர் கொண்டுவர முயல்வதும், தாமே கால்வாய் வெட்ட முற்பட்டு அரசால் தடுக்கப்படுவதும் இதன் கதை. குடும்பத்துக்கு வெளியே, ஒரு சமூகம் முழுவதையும் பாத்திரமாகக் கொண்டமையால் இது அவருடைய மிகச் சிறந்த படம் எனப் பலராலும் மதிக்கப்படுகிறது.

நடிகர்களும் கலைஞர்களும்

ரஜினிகாந்த் அபூர்வ ராகங்கள் படத்தில் அறிமுகமானார். கமல்ஹாசனின் தொடக்க கால முக்கிய வேடங்கள் பல பாலச்சந்தரின் படங்களில் அமைந்தன. சரிதா (மரோ சரித்ரா, 1978), விவேக் (மனதில் உறுதி வேண்டும், 1987) ஆகியோரும் அவரால் அறிமுகமாயினர். பிரகாஷ் ராஜ் டூயட் (1994) மூலம் தமிழுக்கு வந்தார். ஏ. ஆர். ரகுமான் இசையமைப்பாளராக அறிமுகமான ரோஜா (1992), பாலச்சந்தரின் கவிதாலயா நிறுவனத் தயாரிப்பாகும்.

விருதுகள்

* சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது - இருகோடுகள், அபூர்வ ராகங்கள், தண்ணீர் தண்ணீர், அச்சமில்லை அச்சமில்லை
* சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது - தண்ணீர் தண்ணீர்
* பத்மஸ்ரீ விருது - 1987
* தாதாசாகேப் பால்கே விருது - 2010

சிந்து பைரவி படத்துக்காக சுஹாசினி, இளையராஜா, பாடகி சித்ரா ஆகிய மூவரும் தேசிய விருது பெற்றனர்.

பிற மொழிப் படங்கள்

* மரோ சரித்ரா (1978, தெலுங்கு) - மொழிமாற்றம் செய்யப்படாமலேயே சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது
* ஏக் தூஜே கே லியே (1981, இந்தி) - மரோ சரித்ராவின் மறு ஆக்கம்
* பெங்கியல்லி அரளித ஹூவு (1983, கன்னடம்) - அவள் ஒரு தொடர்கதையின் மறு ஆக்கம்
* ருத்ரவீணா (1988, தெலுங்கு) - தமிழில் உன்னால் முடியும் தம்பி என எடுக்கப்பட்டது