வல்லின எழுத்தும் ஒலியன் கோட்பாடும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியில் 'காலம்' என்று பொருள்படும் சொல்லையும் 'கன்னம்' என்று பொருள்படும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'கால்' என்றே அமையும். முன்னதன் முதலொலி ஒலிப்பிலா ஒலி. பின்னதன் முதலொலி ஒலிப்புடை ஒலி. 'இவற்றை வேறுபடுத்தத் தமிழில் எழுத்து இல்லையா?' என்பது தமிழ் பயிலும் வடமாநில மாணவரிடையே இயல்பாக எழும் வினா. இதற்கான விடை எழுத்தின் எண்ணிக்கையில் இல்லை. ஒலிகள் மொழியில் அமையும் முறையில் உள்ளது. அம்முறை அறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

ஒலியனும் மாற்றொலியும்

பொருளை வேறுபடுத்தும் ஒலியலகே ஒலியன். 'கல்', 'பல்' என்னும் சொற்கள் முதலொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. எனவே க், ப் இரண்டும் தனித்தனி ஒலியன்கள். ஆனால் 'கல்', 'தங்கம்', 'மகன்' ஆகியவற்றில் ககரம் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் அது ஒலிப்பிலா ஒலி. மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடை ஒலி. உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒலி. ஒன்று வருமிடத்தில் மற்றொன்று வாராமையின் இவை துணைநிலை வழக்கில் அமைந்த மாற்றொலிகள் எனப்படும். இந்தியில் இவ்வொலிப்பு வேறுபாடு பொருளை மாற்றுகிறது. தமிழின் இயற்சொற்களில் மாற்றுவதில்லை.

எழுத்தும் இலக்கணமும்

கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அசோகர் கல்வெட்டுகளின் பிராமியில் ஒலிப்புடை ஒலிகளுக்கும் மூச்சொலிகளுக்கும் தனி வடிவங்கள் உள்ளன. தமிழ்ப் பிராமி அவற்றைப் பொதுவாக விலக்கி, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவம் கொண்டது. தமிழுக்கு வேண்டாதது விடப்பட்டு வேண்டியது சேர்க்கப்பட்டமை இதனால் புலனாகிறது. தொல்காப்பியரும் வல்லெழுத்து ஆறு எனக் கொண்டு, மொழிக்கு முதலிலும் ஈற்றிலும் வரும் எழுத்துகளை வரையறுத்தார். எழுத்தை அதன் வருகையிடத்தோடு சேர்த்து நோக்கும் பார்வை அங்கேயே காணப்படுகிறது.

மேலைநாட்டார் ஆய்வு

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் வல்லொலிகள் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலியாகவும் ஒலிப்புடை ஒலியாகவும் மாறுவதை ஒரு விதியாகவே கூறினார். எனினும் அதனை விளக்கும் ஒலியன் கோட்பாடு அன்று உருவாகவில்லை. 1870களில் தொடங்கிக் கசானில் போதுவான் த கூர்த்தனேயும் அவர் மாணவரும் அதற்கு அடித்தளமிட்டனர். 1925இல் சபீர் ஒலிகளின் அமைப்பொழுங்கு பற்றி எழுதினார். 1934இல் ஃபெர்த் தமிழ் ஒலிப்பு முறையை விவரித்தார். 1939இல் துருபெத்சுகோயின் ஒலியனியல் நூல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. இவ்வகையில், கால்டுவெல் கண்ட விதிக்குரிய கோட்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே முழுமை பெற்றது எனலாம்.

முடிவுரை

ஒரே ககரத்தால் எழுதுவது குறையன்று. ஒலியனுக்கு ஓர் எழுத்து என்னும் நெறியாகும். ஆயினும் மொழி மாறாது நிற்பதில்லை. தீவினையைக் குறிக்கும் 'பாவம்', உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் 'பாவம்' ஆகியவற்றைக் கற்றோர் பலர் முதலொலியால் வேறுபடுத்துகின்றனர். 'பஸ்' போன்ற கடன்சொற்களிலும் ஒலிப்புடை ஒலி சொல்முதலில் வருகிறது. பழைய துணைநிலை வழக்கு இங்கு நெகிழ்ந்துள்ளது. எனவே எழுத்தைக் குறைகூறுவோரும் போற்றுவோரும் முதலில் ஆராய வேண்டுவது இன்றைய பேச்சில் ஒலியன்கள் எவை என்பதையே ஆகும்.