காத்திருக்க வைத்த சின்னப் பெட்டி
மேக் மினி கணினி சொல்லும் இருபது ஆண்டுப் பாடம்

கணினி வாங்கப் புறப்படும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். இப்போதே வாங்கிவிடலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுத்திருக்கலாமா? இன்று வாங்கினால், அடுத்த மாதமே அதே விலைக்கு வேகமான ஒன்று கடைக்கு வந்துவிடுமோ என்ற பயம். பொறுத்திருந்தாலோ, பழைய கணினியோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தத் தவிப்பை நன்கு அறிந்தவர்கள் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் மினி வாடிக்கையாளர்கள். 2014 அக்டோபர் 16ஆம் தேதிக்கும் 2018 அக்டோபர் 30ஆம் தேதிக்கும் இடையே அவர்கள் காத்திருந்தது 1,475 நாள்கள். ஒரு குழந்தை பிறந்து, பாலர் பள்ளிக்குப் போகும் வயதை எட்டிவிடும் காலம் அது. அந்தக் காத்திருப்பு எப்படி வந்தது, அதற்கு முடிவு எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்த்தால், கணினி வாங்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பாடம் இருப்பது புரியும்.

499 டாலர் பெட்டி

2005 ஜனவரி 11. சான் பிரான்சிஸ்கோ நகரில் மேக்வொர்ல்ட் கண்காட்சி. மேடையேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டியைக் காட்டினார். ஒவ்வொரு பக்கமும் 16.5 சென்டிமீட்டர், உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். விலை 499 அமெரிக்க டாலர். அதுவரை வந்த மேக் கணினிகளிலேயே மலிவானது அதுதான்.

விலை குறைந்ததன் ரகசியம் எளிமையானது. பெட்டியோடு திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, மவுஸும் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். ஐபாட் இசைக்கருவியை வாங்கி மகிழ்ந்த விண்டோஸ் கணினிக்காரர்களை மேக் பக்கம் இழுப்பதே நோக்கம்.

குறையும் அன்றே தெரிந்தது. உள்ளே இருந்த நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. நான்கைந்து வேலைகளை ஒன்றாகத் திறந்தால் கணினி திணறியது. கூடுதல் நினைவகம் பொருத்தலாம், ஆனால் பெட்டியில் திருகாணியே வெளியே தெரியாது. சுவருக்கு மக்கு பூசப் பயன்படும் மெல்லிய தகட்டுக் கத்தியை ஓரத்தில் நுழைத்து, மூடியை மெதுவாக நெம்ப வேண்டும். கணினி ஆர்வலர்கள் வன்பொருள் கடைக்குப் போய் அந்தக் கத்தியை வாங்கினார்கள். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் போதும், பெட்டி அவர்கள் கைக்கு அடங்கியது.

சொல்லாமல் வந்த மாற்றம்

முதல் மினியை வாங்கியவர்களுக்கு ஐந்தே மாதத்தில் ஓர் அதிர்ச்சி. 2005 ஜூன் 6ஆம் தேதி, இனி மேக் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறும் என்று ஜாப்ஸ் அறிவித்தார். மினியில் இருந்ததோ பவர்பிசி ஜி4 சில்லு. வாங்கிய பெட்டியின் எதிர்காலம் குறுகிவிட்டது.

அதே ஆண்டு ஜூலையில் நினைவகம் 512 மெகாபைட் ஆனது. செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. அட்டைப் பெட்டியில் பழைய வேகமே அச்சிடப்பட்டிருக்க, உள்ளே சற்று வேகமான சில்லு வைக்கப்பட்டு வந்தது. நிறுவனம் அறிவிக்கவில்லை. ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே பெயரில் வாங்கிய இருவரில் ஒருவருக்குப் பழையது, மற்றவருக்குப் புதியது. கணினியை இயக்கிப் பார்த்த பிறகுதான் அதிர்ஷ்டம் யாருக்கு என்று தெரியும்.

2006 பிப்ரவரி 28ஆம் தேதி இன்டெல் மினி வந்தது. வேகம் கூடியது, ஆரம்ப விலையும் 599 டாலராகக் கூடியது. ஆனால் அந்த மாடலில் ஒரு நன்மை இருந்தது. சில்லு தாய்ப்பலகையில் நிரந்தரமாக ஒட்டப்படாமல் கழற்றும்படி இருந்தது. கைத்திறன் உள்ளவர்கள் பழைய சில்லை எடுத்துவிட்டு, கோர் 2 டுவோ சில்லைத் தாங்களே பொருத்தினார்கள். ஆப்பிள் தன் கோர் 2 டுவோ மாடலைக் கொண்டுவந்தது 2007 ஆகஸ்ட் 7ஆம் தேதி. காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு அன்று இப்படி ஒரு மாற்று வழி இருந்தது.

பொற்காலம்

2007 மாடலுக்குப் பின் முதல் நீண்ட மௌனம் தொடங்கியது. ஏறக்குறைய 19 மாதங்கள் கழித்து, 2009 மார்ச் 3ஆம் தேதிதான் அடுத்த மினி வந்தது. மினியின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அது நிம்மதி தந்தது.

2010 ஜூன் 15ஆம் தேதி பெட்டியின் தோற்றமே மாறியது. ஒரே அலுமினியத் துண்டில் கடைந்த உடல். உயரம் வெறும் 3.6 சென்டிமீட்டர். அடியில் ஒரு வட்ட மூடி. கையால் சற்றுத் திருகினால் திறந்துகொள்ளும், நினைவகத்தை இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். தகட்டுக் கத்திக்கு வேலை இல்லாமல் போனது.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்க, சின்ன அலுவலகத்தில் கோப்புகளைச் சேமிக்க, இசைப்பதிவு செய்ய என்று மினிக்குப் பல வேலைகள் கிடைத்தன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மேக்மினிகோலோ என்ற நிறுவனம் 2005ஆம் ஆண்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் மினிகளை அடுக்கடுக்காக வைத்து இணையச் சேவை வழங்கி வந்தது. 2009 அக்டோபரில் ஆப்பிளே குறுந்தட்டு இயக்கி இல்லாத சேவைக்கணினி மாடல் ஒன்றை வெளியிட்டது.

2012 அக்டோபர் 23ஆம் தேதி வந்த மினி பலருக்கும் பிடித்துப்போனது. 799 டாலருக்கு நான்கு கோர் கொண்ட சில்லு கிடைத்தது. நினைவகத்தையும் வன்தட்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. 2011 மாடல் ஒன்றில் இருந்த தனி வரைகலைச் சில்லு இதில் இல்லை. புதியது என்றால் எல்லாவற்றிலும் முன்னேற்றம் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு அது சிறு அறிகுறி.

ஏமாற்றிய புதுவரவு

ஏறக்குறைய ஈராண்டுகள் காத்திருந்தவர்களுக்கு 2014 அக்டோபர் 16ஆம் தேதி புதிய மினி கிடைத்தது. ஆரம்ப விலை மறுபடியும் 499 டாலர். கேட்பதற்கு நல்ல செய்திதான். விவரங்களைப் படித்தவர்கள்தான் திகைத்தார்கள்.

நான்கு கோர் சில்லு காணோம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இரண்டு கோர்தான். பல கோர்களையும் சேர்த்து உழைக்க வைக்கும் வேலைகளில் ஈராண்டுப் பழைய 2012 மாடல் புதியதை முந்தியது. இதற்கு நிபுணர்கள் சொன்ன காரணம் இதுதான்: இன்டெல்லின் அந்தத் தலைமுறையில் இரண்டு கோர் சில்லையும் நான்கு கோர் சில்லையும் ஒரே தாய்ப்பலகையில் பொருத்த முடியாது, இரண்டு பலகைகளைத் தனித்தனியாக வடிவமைக்க வேண்டும்.

அதைவிட வருத்தம் தந்தது மற்றொரு மாற்றம். நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டது. 4 ஜிகாபைட் வாங்கியவருக்குக் கடைசிவரை 4 ஜிகாபைட்தான். கையால் திருகித் திறந்த வட்ட மூடியும் போய், உள்ளே சிறப்புத் திருகாணிகள் வந்தன. பயனீட்டாளர் தன் பெட்டியைத் தானே மேம்படுத்திக்கொள்ளும் பாதை அடைபட்டது. பழைய 2012 மினியைத் தேடி அலையும் நிலை பலருக்கு வந்தது.

அதன் பிறகு மௌனம். 2015 போனது, 2016 போனது, 2017 போனது. அதே பெட்டி அதே விலைக்குக் கடையில் இருந்தது. 2017 ஏப்ரலில் ஆப்பிள் அதிகாரி ஃபில் ஷில்லர், மினி கைவிடப்படவில்லை என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். அக்டோபரில் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிய தலைமை நிர்வாகி டிம் குக், மினிக்கு நிறுவனத்தின் திட்டத்தில் முக்கிய இடம் இருக்கும் என்று குறிப்பிட்டார். எப்போது என்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

ஏன் வாய் திறப்பதில்லை?

தேதியைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதற்குப் பதில், கணினித் துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் ஒரு பழைய கதையில் இருக்கிறது. அந்தக் கதையின் நாயகன் தமிழ்நாட்டில் வளர்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

ஆடம் ஆஸ்பர்ன். அவரின் தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர், மகரிஷியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். சிறுவன் ஆடம் திருவண்ணாமலையில் தமிழ் பேசி வளர்ந்தார். பின்னாளில் அமெரிக்கா சென்று, 1981ஆம் ஆண்டு ஆஸ்பர்ன் 1 என்ற கணினியை 1,795 டாலருக்கு வெளியிட்டார். எடை சுமார் 11 கிலோ, திரையோ 5 அங்குலம். ஆனாலும் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினி என்பதால் விற்பனை குவிந்தது.

1983இல் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசினார் ஆஸ்பர்ன். கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்திவிட்டுப் புதியதற்குக் காத்திருந்தார்கள். புதியது விற்பனைக்கு வருவதற்குள் பணவரவு வறண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்தது. கேபுரோவின் போட்டி, ஐபிஎம் கணினியின் எழுச்சி என்று வேறு காரணங்களும் உண்டு என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆடம் ஆஸ்பர்ன் 2003ஆம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார்.

நாளைய சரக்கைப் பற்றிப் பேசினால் இன்றைய சரக்கு விற்காது. வணிகருக்கு அது நியாயம். வாடிக்கையாளருக்கோ அது இருட்டில் தடவும் வேலை. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில்தான் 1,475 நாள்கள் ஓடின.

காத்திருப்பு முடிந்தது, ஆனால்...

2018 அக்டோபர் 30ஆம் தேதி நியூயார்க்கின் புருக்ளினில் புதிய மினி வெளிவந்தது. அடர்ந்த சாம்பல் நிறம், நான்கு அல்லது ஆறு கோர், 64 ஜிகாபைட் வரை நினைவகம். நினைவகம் மீண்டும் கழற்றக்கூடியதாக வந்தது. ஆனால் ஆரம்ப விலை 799 டாலர். 499 டாலர் பெட்டிக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர் 300 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பத்துக்கு அதிக நாள் ஆகவில்லை. 2020 ஜூன் 22ஆம் தேதி, இன்டெல்லை விட்டுச் சொந்தச் சில்லுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. நவம்பர் 10ஆம் தேதி எம்1 சில்லு கொண்ட மினி 699 டாலருக்கு வந்தது. வேகமும் கூடியது, விலையும் குறைந்தது. ஆனால் நினைவகம் சில்லோடு ஒரே உறைக்குள் போய்விட்டது. அதிகபட்சம் 16 ஜிகாபைட். 64 ஜிகாபைட் தேவைப்பட்டவர்களுக்காக இன்டெல் மினி 2023 ஜனவரி வரை விற்பனையில் இருந்தது.

2023 ஜனவரி 17ஆம் தேதி எம்2 மினி 599 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 29ஆம் தேதி எம்4 மினி. ஒவ்வொரு பக்கமும் 12.7 சென்டிமீட்டராகச் சுருங்கி, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு வந்தது. விலை அதே 599 டாலர், நினைவகம் மட்டும் 8இலிருந்து 16 ஜிகாபைட். வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகள் கேட்டது, விலை ஏறாமல் கிடைத்தது. அந்த வகையில் காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை.

பழைய பெட்டிகளின் கதி என்ன? 2005இல் வாங்கிய பவர்பிசி மினிக்கு 2009ஆம் ஆண்டின் இயங்குதளம் ஒத்துவரவில்லை. 2006ஆம் ஆண்டு மினிக்கு 2011இல் கதவு மூடியது. அத்தனை நாள் காத்திருந்து வாங்கிய 2018 மினிக்கு 2025ஆம் ஆண்டு வந்த இயங்குதளம் இல்லை. சரியான நாளில் வாங்கினால் காலத்தை வென்றுவிடலாம் என்ற கணக்கு யாருக்கும் பலிக்கவில்லை.

பாடம் என்ன?

மினியின் கதையில் இரண்டு கோடுகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று, பெட்டியின் ஆற்றல். அது நடுவே சறுக்கினாலும் மேலேறி வந்திருக்கிறது. மற்றொன்று, வாங்கியவரின் கைக்கு மிஞ்சும் உரிமை. தகட்டுக் கத்தியில் தொடங்கி, கையால் திருகும் மூடியாக வளர்ந்து, பற்றவைத்த நினைவகத்தில் முடிந்த கோடு அது. பெட்டியைத் திறக்க முடிந்த காலத்தில் தவறான நாளில் வாங்கியவரும் பிறகு சரிசெய்துகொள்ள முடிந்தது. திறக்க முடியாத காலத்தில் வாங்கும் நாளிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது. காத்திருப்பின் பதற்றம் கூடியதற்கு இதுவே காரணம்.

ஆகவே, அடுத்த மாடல் எப்போது என்று விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை வேறு சில உள்ளன. இன்றைய வேலை பழைய கணினியில் நின்றுபோயிருக்கிறதா? நின்றுபோயிருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் செலவுக் கணக்கில் சேரும். ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான நினைவகம் வாங்கும் நாளிலேயே உள்ளே இருக்கிறதா? இல்லையென்றால் பிறகு சேர்க்க வழியில்லை. வரப்போகும் புதியதில் எது குறையப்போகிறது? 2014 அக்டோபரில் புது மினிக்காகக் காத்திருந்து, கடைசியில் பழைய 2012 மினியைத் தேடிப் போனவர்களைக் கேட்டால், இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டிருக்கலாம் என்பார்கள்.